பி.ஏ. வரலாறுக்கு முன்னாடி நான் தொலைத்த 2,48,000 ரூபாய்

மொத்தம் 2,48,000 ரூபாய். பொறியியல் கல்லூரியில் மூன்று செமஸ்டருக்குக் கட்டணம், காலேஜ் பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,60,000. அங்கிருந்து என்னுடைய சொந்தச் சான்றிதழ்களை மீட்க 40,000. கல்விக் கடனுக்கு வட்டி 48,000. அதற்கப்புறம் சேலத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன், அங்கே கட்டியது மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. போன மாதம் சித்தி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு போன் பண்ணி, "அண்ணா, நான் ஹிஸ்டரி எடுக்கட்டுமா? அது எதுக்கு ஆகும்னு வீட்ல எல்லாரும் கேக்கறாங்க, நீயே சொல்லு" என்றாள். அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 2013ல் இதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்பா செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கிற வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்தது கிடையாது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன், மார்க் நன்றாக வந்ததால் ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்காரர்கள் பாதிக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பிளஸ் டூ அங்கே இங்கிலீஷ் மீடியம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்து என்னை அடித்தது. வரலாறு எனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும், ஆனால் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு பி.ஏ. சேர்வதா என்று தெருவே கேட்கும் என்ற பயம் எனக்கு இருந்தது. எங்கள் தெருவில் பி.ஏ. என்றால் மார்க் வராதவன் போகிற இடம். உண்மையைச் சொன்னால் அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவே இல்லை. "உனக்கு எது புடிக்குதோ படி சாமி" என்றுதான் சொன்னார். கவுன்சிலிங்கில் மெக்கானிக்கலை எடுத்தது நானேதான், வெட்கத்துக்காக. வங்கியில் 80,000 கடன், மீதிக்கு அம்மாவின் செயினை அடகு வைத்தோம்.

முதல் செமஸ்டரில் மூன்று அரியர். இரண்டாவதில் இன்னும் இரண்டு. பாடம் புரியாமல் போனதைவிட, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மத்தியான நேரத்தில் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குமே, அதுதான் தாங்க முடியவில்லை. மூன்றாவது செமஸ்டர் பரீட்சையில் பாதித்தாள் வெற்றுத்தாளாகக் கொடுத்துவிட்டு வந்தேன். 2015 ஜனவரியில் ஒரு நாள் காலேஜ் பஸ்ஸில் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. புதிய பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். இப்படியே இருபத்து மூன்று நாள் நடந்தது, கடைசியில் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு போன் வந்துதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் திட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இங்கே நான் செய்த முதல் தப்பு, எழுதிக் கொடுக்காமல் நின்றது. படிப்பை நிறுத்துகிறீர்கள் என்றால் முதல்வர் பெயருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டு உங்களிடம் இருக்கட்டும். நான் மே மாதம் போய் நின்றபோது, நீ இன்னும் எங்கள் மாணவன்தான், நாலாவது செமஸ்டர் கட்டணமும் பாக்கி, மீதி இரண்டு வருடக் கட்டணமும் கட்டினால்தான் டிசி என்றார்கள். என்னுடைய பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், பள்ளி டிசி, சாதிச் சான்று எல்லாம் அவர்கள் பீரோவில். சேர்ந்த அன்றைக்கே ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், நானும் அதுதான் வழக்கம் என்று நினைத்துக் கொடுத்திருந்தேன். அரசுக் கல்லூரியில் சேர ஒரிஜினல் வேண்டும், பத்து நாள்தான் இருக்கிறது. பேரம் பேசிப் பேசி 40,000க்கு வந்தது. ரசீது கேட்டேன், சிரித்தார்கள்.

அந்த நாற்பதாயிரத்தை அப்பா பட்டறை முதலாளியிடம் முன்பணமாக வாங்கினார். முன்பணம் வாங்கினவர் அதைக் கழிக்கிற வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி அதிகம் தருகிறேன் என்று பக்கத்துத் தெருவில் கூப்பிட்டாலும். 2018 வரை அவர் அங்கேயே இருந்தார். இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் மேலே இருக்கிற தொகையில் அது இல்லை.

பிற்பாடுதான் தெரிந்தது, மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகுகிற மாணவரிடம் படிக்காத வருடங்களுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று, பொறியியல் கல்லூரிகளைக் கண்காணிக்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதியே இருக்கிறது. கலைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் (யூஜிசி) 2018ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் கணக்கு இருக்கிறது, சேர்க்கையின் கடைசித் தேதி தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் போனால் ஒன்றும் கிடைக்காது, அதனால் பிடிக்கவில்லை என்று முதல் மாதமே தோன்றினால் அந்த மாதமே வாயைத் திறந்துவிடுவது நல்லது. கல்லூரி ஒத்துவரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். நான் இதில் எதையும் செய்யவில்லை. ஃபெயிலாகி ஓடி வந்தவனுக்கு மனு வேறயா என்று எனக்கே தோன்றியது. வெட்கப்படுகிறவனிடம் காசு பிடுங்குவது ரொம்பச் சுலபம்.

கடன் விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்பை நிறுத்தின அதே வாரம் வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டுகிற திட்டம் ஒன்று இருந்தது, பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு அது கிடையாது. எனக்கு அது தெரியாது, வட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் முடித்தோம், கடைசித் தவணைகளுக்கு அம்மாவின் சீட்டுப் பணம் போனது.

சரி, பி.ஏ.வுக்கு வருகிறேன். பத்தொன்பது வயசுக்கு மேல், இரண்டு வருடம் பின்தங்கி, தமிழ் வழியில் வரலாறு. முதல் ஆறு மாதம் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் "காலேஜ் போறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன், என்ன படிப்பு என்று சொல்ல மாட்டேன். என் வகுப்பில் பாதிப்பேர் காலையில் பேப்பர் போட்டுவிட்டோ ராத்திரி மண்டபத்தில் பரிமாறிவிட்டோ வருகிறவர்கள். அவர்களுக்கு நான் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு வந்தவன் என்பது பெரிய ஆச்சரியம், "பைத்தியமாடா நீ" என்பார்கள்.

ஒரு ஆசிரியர் 1792ஐ நடத்திய நாள் நினைவிருக்கிறது. திப்பு சுல்தான் தோற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனபோது பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்கிற ராணுவ அதிகாரியை நிர்வாகத்துக்குப் போட்டார்கள், அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, குடியானவனிடமே நேரடியாக வரி வாங்குகிற முறையை இங்கேதான் பரிசோதித்துப் பார்த்தார்கள், பிறகு அதுதான் ரயத்துவாரி என்று சென்னை மாகாணம் முழுக்கப் போனது. நம் ஊரில் ஆரம்பித்த ஒன்றா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் ஒரு சிறு ஆய்வு எழுதச் சொன்னார், "பெரிய ராஜா யாரும் வேண்டாம், உங்க வீட்டுத் தொழிலை எழுது" என்றார். நான் கொலுசுத் தொழிலை எடுத்துக்கொண்டேன். பள்ளப்பட்டி, சிவதாபுரம், பனங்காடு என்று பட்டறை பட்டறையாகச் சுற்றினேன். கம்பி இழுக்கிறவர், பற்ற வைக்கிறவர், மெருகு போடுகிறவர் என்று ஒவ்வொருவர் கூலியும் எப்படி வெள்ளி விலையோடு சேராமல் தனியாகவே நிற்கிறது என்று எழுதினேன். அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். அந்த இருபத்து மூன்று நாள் சமாச்சாரத்துக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அதனால் வரலாறு படித்தது வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடத்தில் செய்திருக்க வேண்டிய மற்ற வேலைகளை நான் செய்யவில்லை, அதைச் சொல்லாவிட்டால் இது பொய்க்கதை ஆகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நேரம் கிடந்தது. தட்டச்சு வகுப்புக்குப் போயிருக்கலாம், தமிழும் ஆங்கிலமும் தேர்ச்சி பெற்றிருந்தால் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கும் சேர்த்துப் போட்டியிட்டிருக்கலாம். ஒரு பத்தியை இங்கிலீஷில் தப்பில்லாமல் எழுதக் கற்றிருக்கலாம். பட்டம் எந்தெந்தக் கதவுக்குச் சாவி என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற கதவுகள் நிறைய உண்டு: குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசு அலுவலக வேலைகளுக்கான சிஜிஎல் தேர்வு, சிவில் சர்வீஸ். மூன்று வருட சட்டப் படிப்பு உண்டு, சேலத்திலேயே 2019ல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பி.எட். இன்னும் இரண்டு வருடம், அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் மேல் காத்திருப்பு. ஆக பி.ஏ. என்பது மூன்று வருடக் கணக்கு இல்லை, ஐந்தோ ஆறோ வருடக் கணக்கு. அதைச் சேரும்போதே வீட்டில் சொல்லிவிட வேண்டும், மூன்றாவது வருடம் முடிந்ததும் சம்பளம் வரும் என்று அவர்கள் காத்திருந்தால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

இன்னொன்று, பட்டத்தின் பெயர். வரலாறு, புவியியல், தமிழ், ஆங்கிலம் என்று நேரான பெயர் உள்ள பட்டத்துக்குத் தொந்தரவு குறைவு. ஏதாவது புதுசாக, கவர்ச்சியாகப் பெயர் வைத்த பட்டம் என்றால் அது எதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் இந்த இணைத்தன்மைப் பிரச்சினையில் மாட்டி வெளியே வந்தார்.

2018ல் பட்டம் கையில். எட்டு இடத்தில் வேலை கேட்டேன், ஒரு மருந்துக் கடையில் பட்டத்தைப் பார்த்துவிட்டு "ஹிஸ்டரியா, இங்க எதுக்கு" என்றார்கள், நியாயமான கேள்விதான். கடைசியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை கிடைத்தது. ஒண்டிக்கடையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். மாதம் 9,000, தங்க ஓர் அறை. காலையில் ஆள் கணக்கு, செக்ரோல் என்கிற கூலிப் பதிவேடு எழுதுவது, பழம் பறிக்கிற காலத்தில் யார் எத்தனை கிலோ என்று எடை பார்ப்பது, சனிக்கிழமை கூலி. குளிரில் விரல் மடங்காது. எஸ்டேட்டில் பி.ஏ. படித்த ரைட்டர் என்று ஒரு மரியாதையும் ஒரு கேலியும் சேர்ந்தே இருந்தது. ஆனால் அங்கே ஒன்று கவனித்தேன். மஸ்டர் ரோல் என்கிற பழைய வருகைப் பதிவேடுகளையும் நிலப் பத்திரங்களையும் முதலாளி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார், எல்லைத் தகராறு ஒன்று வந்தபோது அதைப் பிரித்து எது முன்னால் எது பின்னால், எந்தக் கையெழுத்து எந்த வருடம் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது நான்தான். வக்கீல் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார். கல்லூரியில் கற்றது எனக்கு முதல் தடவையாகக் கூலி வாங்கிக் கொடுத்தது அன்றைக்கு, ஐந்நூறு ரூபாய்.

அங்கிருந்தபடியே 2018 நவம்பரில் குரூப் 2 முதல்நிலை எழுதினேன், கிடைக்கவில்லை. 2019 செப்டம்பரில் குரூப் 4, அதுவும் சில கேள்விகளில் போனது. வரலாறு பகுதி எனக்கு அல்வா மாதிரி, கணக்கு இருபத்தைந்து கேள்வியில்தான் உதை. இன்ஜினியரிங் போனவனுக்குக் கணக்கில் உதை என்று தம்பி இன்றைக்கும் சிரிப்பான். வேலையை விட்டுவிட்டுக் கீழே வந்தேன், மாவட்ட மைய நூலகத்தில் உட்கார ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கொரோனா. இரண்டு வருடம் தேர்வே இல்லாத மாதிரி போனது, அப்பாவோடு பட்டறைக்குப் போய் மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த இங்கிலீஷ் மீடியம் விஷயம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010ல் சட்டம் வந்தது. முன்பு பட்டப்படிப்பைத் தமிழில் படித்திருந்தால் குரூப் 2க்கு அது போதும். 2020ல் திருத்தம் வந்தது, பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். என் பி.ஏ. தமிழ், பத்தாவது தமிழ், நடுவில் அந்த இரண்டு வருடம் மட்டும் இங்கிலீஷ். குரூப் 2ல் அந்தக் கதவு எனக்கு மூடிவிட்டது. பாதிக் கட்டணம் என்று சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்த பள்ளி! குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால் அங்கே மட்டும் தப்பித்தேன், ஒன்றாவது முதல் பத்தாவது வரை தமிழ் வழி என்று சான்று காட்டினால் போதும். அதை வாங்கவும் அலைந்தேன். நான் படித்த தொடக்கப் பள்ளியை வேறொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், பதிவேடு எங்கே என்று தெரியாமல் நாலு தடவை நடந்தேன். இப்போது பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருப்பவர்கள், டிசி வாங்குகிற அன்றைக்கே தமிழ் வழிச் சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதேபோல பட்டம் முடித்தால் தற்காலிகச் சான்றோடு நின்றுவிடாதீர்கள், பட்டமளிப்புச் சான்றை வாங்க ஒரு நாள் ஒதுக்குங்கள். நான் அதை நாலு வருடம் தள்ளிப்போட்டு, அப்புறம் அவசரத்தில் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை பஸ் ஏறினேன்.

2022 ஜூலையில் மறுபடி குரூப் 4. பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. அடுத்த வருடம் மார்ச்சில் ரிசல்ட், சென்னையில் கலந்தாய்வு, இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அடிப்படைச் சம்பளம் 19,500ல் தொடங்கியது. பத்தாவது போதும் என்கிற வேலைக்கு எதற்கு பி.ஏ. என்று கேட்பீர்கள், பெரியப்பாவும் கேட்டார். என்னோடு சேர்ந்தவர்களில் பட்டம் இல்லாதவரை நான் பார்க்கவில்லை, எம்.இ. முடித்தவர்கூட ஒருவர் இருக்கிறார். எனக்கு என்ன மிச்சம் என்றால், முதல் வருட ஜமாபந்தியில் (தாலுகாவின் வருவாய்க் கணக்குகளை வருடா வருடம் தணிக்கை செய்வது) பழைய கணக்குகளை எடுத்து அடுக்கச் சொன்னபோது மற்றவர்கள் தும்மிக்கொண்டிருந்தார்கள், நான் ரீட் துரையையும் மன்றோவையும் நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். இதற்குச் சம்பளத்தில் தனிப்படி கிடையாது.

சித்தி மகளுக்கு என்ன சொன்னேன் என்றால், முதலில் எந்த மீடியத்தில் படித்தாய் என்று கேட்டேன். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ். சரி, உனக்குத் தமிழ் வழி முன்னுரிமை கிடையாது, அதனால் அதை நம்பாதே, உன் இங்கிலீஷ்தான் உனக்குக் கைமுதல், வங்கித் தேர்வும் சட்டமும் பார் என்றேன். ஹிஸ்டரி பிடித்திருக்கிறதா, அல்லது கணக்குக்குப் பயந்து ஓடுகிறாயா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "ரெண்டும்தாண்ணா" என்றாள். நான் 2013ல் அவ்வளவு நேர்மையாக யாரிடமும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள், ஆன்லைன் விண்ணப்பத்தில் முதல் விருப்பம் வரலாறு, இரண்டாவது புவியியல் என்று போட்டோம். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதே, காட்டிவிட்டுக் கையோடு வாங்கு என்று சொல்லி, பத்து செட் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினேன். சித்தப்பா வாசலில் நின்றபடி, "தம்பி, இதுக்கு மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்றார். இந்தக் கணக்கையெல்லாம் எழுதி வைத்திருந்த டைரியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.